சீனியர் கவர்ன்மென்ட்: மூத்த அரசா, மேல்நிலை அரசா?

கனடாவின் நகராட்சிகளும், பல நகராட்சிகளை இணைத்து இயங்கும் பிராந்திய அரசுகளும் வெளியிடும் அறிக்கைகளில் ‘சீனியர் கவர்ன்மென்ட்ஸ்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். மாகாண அரசையும் மத்திய அரசையும் ஒருசேரச் சுட்டுவதற்கு, அவற்றுக்குக் கீழே இருந்து எழுதுவோர் ஆளும் சொல் இது. எந்தப் பணிகளுக்குப் பணம் வேண்டும், எந்தச் சட்டங்கள் மாற வேண்டும் என்று ஒரு பிராந்திய அவை தேர்தலை ஒட்டியும் வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டியும் தொகுத்து இவ்விரு அரசுகளிடமும் முன்வைக்கும்போது, இத்தொடரைத் தவிர்ப்பது அரிது. தமிழில் இதை ‘மூத்த அரசுகள்’ என்று பெயர்ப்பது எளிது. ஆனால் அது பொருந்தாது.

‘சீனியர்’ லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர். அதன் ஒப்பீட்டு வடிவமான ‘செனியோர்’ என்பதற்கு ‘கூடுதல் வயதானவர்’ என்று பொருள். பிரெஞ்சில் நிலவுடைமைத் தலைவனைக் குறித்த ‘செய்ன்யர்’, ஸ்பானிய மொழியின் ‘செஞ்ஞோர்’, ஆங்கிலேயர் மரியாதைக்குச் சொல்லும் ‘சர்’ ஆகியவை இதே வேரில் கிளைத்தவை. ‘செனட்’ என்பதும் முதியோர் அவையே. வயதைச் சொன்ன சொல் தலைமையைச் சொல்லத் தொடங்கிய இந்த நகர்வு தமிழுக்கும் புதிதன்று. ‘மூப்பு’ முதுமையைக் குறிக்கும், மூப்பன் தலைவனாகிறான், திருச்சபையில் மூப்பர் பொறுப்பில் இருப்பவராகிறார், அலுவலகத்தில் பணிமூப்பு பதவி உயர்வைத் தீர்மானிக்கிறது. ஆகவே ‘மூத்த அரசு’ என்பதற்குச் சொல்லளவில் ஒரு நியாயம் உண்டு என்று வாதிடலாம்.

அந்த நியாயத்தைக் கனடாவின் வரலாறே மறுக்கிறது. கிழக்குக் கனடாவின் சென்ட் ஜோன் நகரம் 1785இல் சாசனம் பெற்றது. ரொறன்ரோ 1834இல் நகரானது. ஆனால் இன்றைய கனடா உருவானது 1867இல்தான். கல்கரி 1894இல் நகரானது. அது இருக்கும் அல்பெர்ட்டாவோ 1905இல்தான் மாகாணமாயிற்று. வயதைக் கொண்டு அளந்தால் கல்கரிதான் மூத்தது, அல்பெர்ட்டா இளையது. எனவே இத்தொடரில் ‘சீனியர்’ குறிப்பது அகவையை அன்று. அதிகாரத்தின் மூலத்தையும் வரிவருவாயின் அளவையுமே குறிக்கிறது.

1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் 91ஆம் பிரிவு மத்திய அரசின் அதிகாரங்களையும் 92ஆம் பிரிவு மாகாணங்களின் அதிகாரங்களையும் வரிசைப்படுத்துகின்றன. 92ஆம் பிரிவின் எட்டாவது இனமாக, மருத்துவமனைகளுக்கும் கடை உரிமங்களுக்கும் இடையில், ‘மாகாணத்தின் நகராட்சி அமைப்புகள்’ இடம்பெறுகின்றன. மாகாணம் ஆளும் பொருள்களில் நகராட்சியும் ஒன்று என்பதே இதன் கருத்து. தனக்கென அரசியலமைப்பில் வேரூன்றிய அதிகாரம் எதுவும் அதற்கு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் ‘சீனியர்’ என்ற பணிவான சொல் சற்று மென்மையாக்கிச் சொல்கிறது.

நடைமுறையில் இது மென்மையாக இருப்பதில்லை. 2018இல் ரொறன்ரோ நகரசபைத் தேர்தல் பரப்புரை நடந்துகொண்டிருந்தபோதே, அந்நகரம் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் அரசு சட்டம் இயற்றி, 47 வட்டாரங்களாக இருக்கவேண்டிய அவையை 25ஆகக் குறைத்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2021 அக்டோபரில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மாகாணத்தின் செயல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. மிசிசாகா, பிரம்டன், கலிடன் ஆகியவற்றை உள்ளடக்கிய பீல் பிராந்திய அரசை 2025 தொடக்கத்தோடு கலைத்துவிட 2023 நடுப்பகுதியில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் குடிநீர் வழங்கும் ஓர் அரசு, தன் ஆயுள் இன்னொரு அவையின் கையில் இருப்பதை ஆறே மாதத்தில் இருமுறை உணர்ந்தது.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தெளிவு. நகராட்சிகளுக்கும் பிராந்தியங்களுக்கும் உள்ள முதன்மை வருவாய் சொத்துவரி. வருமான வரியும் விற்பனை வரியும் மேலே உள்ளோருக்குப் போகின்றன. செலவோ கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஒன்ராறியோ மாகாணம் சமூக வீடமைப்பு உள்ளிட்ட பொறுப்புகளை உள்ளாட்சிகளின் தலையில் இறக்கியதை அங்குள்ளவர்கள் இன்றும் ‘டவுன்லோடிங்’ என்றே சொல்கிறார்கள். கணினியோடு தொடர்பில்லாத இந்தப் பயன்பாட்டுக்குச் ‘சுமையிறக்கம்’ நல்ல தமிழாக இருக்கும் என்பது என் எண்ணம். 2008இல் மாகாணம் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஊனமுற்றோர் உதவித்தொகை போன்ற சில செலவுகள் படிப்படியாகத் திரும்ப மேலே ஏறின. வீடமைப்பு கீழேயே தங்கிவிட்டது. பிராந்தியங்களின் கோரிக்கைப் பட்டியலில் வீடமைப்பு நிலையான இடம் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்.

மற்றொரு எடுத்துக்காட்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில், 21 நகராட்சிகளை இணைக்கும் மெட்ரோ வன்கூவர் பிராந்தியத்தில் உள்ளது. கழிவுநீரை, கரைந்த அழுக்கையும் நீக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்கு உட்படுத்தியே வெளியேற்ற வேண்டும் என்று மத்திய அரசு 2012இல் விதி வகுத்தது. முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டுமே செய்துவந்த பழைய நிலையத்துக்குப் பதிலாக, வன்கூவர் நகருக்கு எதிரே உள்ள வடகரையில் புதிய நிலையம் ஒன்றைக் கட்டவேண்டிய கடமை இதனால் பிராந்தியத்தின் மேல் விழுந்தது. மத்திய அரசு சுமார் 212 மில்லியன் டொலரும் மாகாணம் 193 மில்லியன் டொலரும் தர உறுதியளித்தன. ஏறத்தாழ 700 மில்லியன் டொலரில் முடியும் என்று கருதப்பட்ட அந்த வேலையின் மதிப்பீடு 2024இல் 3.86 பில்லியனைத் தொட்டது. விதி வகுத்தவர்களின் பங்கு உறுதியளித்த தொகையோடு நிற்க, ஏறிய செலவு பெரும்பாலும் வீட்டுக்காரர்களின் வரிச்சீட்டில் வந்து சேர்ந்தது. செலவு ஏறியதற்குத் திட்டத்தை நடத்திய விதத்துக்கும் பங்கு உண்டு. ஆயினும் சட்டம் ஓரிடத்திலும் கட்டணம் வேறிடத்திலும் பிறக்கும் இந்த அமைப்பைப் பார்த்த பிறகே, நிதிக் கோரிக்கையும் கொள்கைக் கோரிக்கையும் ஏன் ஒரே பட்டியலில் வருகின்றன என்பது விளங்குகிறது.

மேலிருந்து வரும் பணமும் நேர்வழியில் வருவதில்லை. 2005இல் எரிபொருள் வரி நிதியாகத் தொடங்கி, 2021இல் கனடா சமூகக் கட்டமைப்பு நிதி என்று பெயர் மாறிய திட்டத்தின் மத்தியப் பணம், ஒன்ராறியோவில் ரொறன்ரோ தவிர்ந்த உள்ளாட்சிகளுக்கு அவற்றின் சங்கம் வழியாகவே பகிரப்படுகிறது. கியூபெக்கில் மாகாணத்தின் ஒப்புதல் இன்றி ஓர் உள்ளாட்சி மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்ய முடியாது. அல்பெர்ட்டாவும் 2024இல் அத்தகைய சட்டம் ஒன்றை இயற்றியது. ஆகவே ‘சீனியர்’ என்ற ஒரே அடைமொழிக்குள் நிற்கும் இரு அரசுகளும் ஒன்றுக்கொன்று வழிவிடுபவை அல்ல.

இனி, தமிழாக்கம். ‘மூத்த அரசு’ என்பதில் வரலாற்றுப் பிழையோடு நடைமுறைக் குழப்பமும் சேர்கிறது. பிராந்திய அரசுகள் முதியோருக்கான நெடுங்காலப் பராமரிப்பு இல்லங்களை நடத்துகின்றன. அவற்றுக்கான நிதியும் அதே பட்டியலில் கேட்கப்படும். ‘மூத்தோர் இல்லங்களுக்கு மூத்த அரசுகளின் உதவி’ என்று எழுதினால், இரண்டுக்கும் ஏதோ உறவிருப்பதாக வாசகர் எண்ணுவார். ‘உயர் அரசு’ உயர்நீதிமன்றத்தை நினைவூட்டுகிறது. ‘பேரரசு’ முடியாட்சிக்கே உரியது. எஞ்சுவது ‘மேல்நிலை அரசு’. இதுவே பொருத்தமானது என்று கருதுகிறேன்; ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் பிராந்திய அரசையே ‘அப்பர் டியர்’ நகராட்சி என்கிறது. மார்க்கம், ரிச்மன்ட் ஹில் முதலான ஒன்பது நகராட்சிகளுக்கு மேலே யோர்க் பிராந்தியம் நிற்பது இந்தப் பொருளில்தான். அதற்கும் ‘மேல்நிலை’ என்று எழுதிவிட்டால், கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்பதே தெரியாமல் போகும். அதை ‘மேலடுக்கு நகராட்சி’ என்று வேறுபடுத்துவது நல்லது. கட்டுரையின் ஓட்டத்தில் ஒருமுறை ‘மாகாண, மத்திய அரசுகள்’ என்று விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு ‘மேல்நிலை அரசுகள்’ என்று சுருக்குவதே வாசகருக்கு உதவும்.

‘ரீஜனல்’ என்பதற்குப் ‘பிராந்திய’ போதும். ‘பிரதேச சபை’ என்றால் இலங்கையிலிருந்து சென்ற வாசகருக்கு ஊர்ப்புறச் சிறு உள்ளாட்சியே கண்முன் நிற்கும். யோர்க், டர்ஹம் போன்ற பெரும் பிராந்தியங்களுக்கு அது பொருந்தாது.

நகராட்சித் தலைவர்கள் பலர் ‘லெவல்’ என்ற சொல்லையே விரும்புவதில்லை. ‘ஓடர்ஸ் ஒஃப் கவர்ன்மென்ட்’ என்றே பேசுவார்கள். மேல், கீழ் என்ற படிநிலையை ஏற்காமல், மத்திய, மாகாண, உள்ளாட்சி அரசுகள் மூன்றும் தத்தம் பணியுள்ள ஆட்சிகள் என்று நிறுவுவதே அவர்கள் நோக்கம். இதை ‘அரசின் உத்தரவுகள்’ என்று பெயர்த்தால் நகைப்புக்கு இடமாகும். ‘மூன்று ஆட்சி அமைப்புகள்’ என்றால் கருத்து வந்துவிடும்.

இத்தகைய கோரிக்கை அறிக்கைகளின் தலைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ‘மேல்நிலை அரசுகளுக்கான முன்னுரிமைகள்’ என்ற அமைப்பில் வருவதைச் சொல்லுக்குச் சொல் எழுதினால், அவை அந்த அரசுகள் வகுத்துக்கொண்ட முன்னுரிமைகளாகத் தோன்றும். ‘மேல்நிலை அரசுகளிடம் பிராந்தியம் முன்வைக்கும் நிதி, கொள்கைக் கோரிக்கைகள்’ என்றால் ‘இடம்’ என்ற உருபே கேட்பவரையும் கேட்கப்படுபவரையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இத்தொடருக்குள் அடங்காத அரசுகளும் உண்டு. மெட்ரோ வன்கூவரின் உறுப்பினர்களில் ஒன்றான சவ்வாசென் முதற்குடி என்ற பூர்வகுடி அரசு, 2009இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் வழியாகத் தன்னாட்சி பெற்றது. அது மாகாணம் படைத்த நகராட்சி அன்று. மேல்நிலை அரசும் அன்று. அத்தகைய அரசுகளை இப்பட்டியலின் எந்தப் படியிலும் நிறுத்தாமல், தனியே பெயர் சொல்லி எழுதுவதே முறை.