விண்டோக்களுக்குப் பங்கு பிரிக்கும் நிரல்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். 2 ஜிபி ராம், 1366-க்கு 768 புள்ளி (பிக்சல்) திரை. அல்சூர் வீட்டுக்குக் கொண்டுவந்து லினக்ஸ் போட்டதும் அதற்கு மூச்சு வாங்கியது. மாடி வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்கு டி.டபிள்யூ.எம் போடுங்க" என்றான்.

அது ஒரு விண்டோ மேனேஜர். திரையில் படம் காட்டுவது எக்ஸ் சர்வர் என்ற நிரலின் வேலை. எந்த விண்டோ எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை எக்ஸ் முடிவு செய்வதில்லை. பிரவுசர் தன் விண்டோவைத் திறக்கச் சொன்னால், அந்த மனு விண்டோ மேனேஜருக்குத்தான் போகும். இந்த அதிகாரம் ஒரு நேரத்தில் ஒரே நிரலுக்குத்தான். இரண்டாவதாக ஒன்று வந்து கேட்டால் எக்ஸ் மறுத்துவிடும்.

டி.டபிள்யூ.எம் 2006-இல் அன்செல்ம் கார்பே சி மொழியில் எழுதத் தொடங்கியது. நிரல் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்பது அதை உருவாக்குபவர்களே போட்டுக்கொண்ட வரம்பு. இவ்வளவு சிறிதாக எப்படி முடிகிறது? உள்ளே இருப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரே விண்டோ என்றால் முழுத் திரையும் அதற்கே. இரண்டாவது வந்ததும் புதியது இடப்பக்கம் 55 சதவீதத்தை, அதாவது 751 புள்ளிகளை, எடுத்துக்கொள்ளும். பழையது வலப்பக்கம் மிச்சமுள்ள 615-க்குள் ஒதுங்கும். இன்னும் திறந்தால் வலப்பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கு வளரும்.

உயரத்தைப் பிரிக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேலே உள்ள பட்டை போக மிச்சமுள்ள 750 புள்ளியை நான்கு பேருக்குப் பிரித்தால் 187.5 வரும், அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. எல்லோருக்கும் 187 கொடுத்தால் அடியில் 2 புள்ளி வீணாகிக் கோடு தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் மிச்சமுள்ள உயரத்தை மிச்சமுள்ள ஆட்களால் வகுக்கிறது: 187, பிறகு 563-ஐ மூன்றால் வகுத்து 187, அப்புறம் 188, 188. கணக்கு நேராகிவிட்டது.

மேலே 1 முதல் 9 வரை எண்கள் தெரியும். அவை விண்டோக்களுக்கு ஒட்டும் அடையாளச் சீட்டுகள். ஒன்றுக்கே இரண்டு மூன்று ஒட்டலாம். ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அந்தச் சீட்டு ஒட்டிய விண்டோக்கள் மட்டும் தெரியும். நாம் பார்க்காத சீட்டின் விண்டோ எங்கே போகிறது? தொலைதூரம் எங்கும் இல்லை. தன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு இடப்பக்கம், திரைக்கு வெளியே தள்ளி நிறுத்தப்படுகிறது. அவ்வளவுதான் மாயம்.

நிறுவுவது எளிது. எக்ஸ்11, எக்ஸ்எஃப்டி, எக்ஸினராமா நூலகங்களின் டெவலப்மென்ட் பொதிகளைப் போட்டு, மூல நிரல் அடைவில் 'சூடோ மேக் இன்ஸ்டால்' கொடுத்தால் போதும். நிறம், எழுத்துரு, குறுக்கு விசைகள் எல்லாம் கான்ஃபிக்.ஹெச் என்ற கோப்பில் இருக்கின்றன. மாற்றினால் மறுபடி கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்ற, வேண்டும். எரிச்சல்தான், ஆனால் செமிகோலனை விட்டுவிட்டால் கம்பைலர் அங்கேயே பிடித்துவிடும், பழைய நிரல் பத்திரமாக இருக்கும்.

முதல் தடவை உள்ளே போனதும், மேலே அந்த எண்களைத் தவிர வெறும் கறுப்புத் திரை. ஆல்ட்-ஷிஃப்ட்-என்டர் அழுத்தினேன், எதுவும் வரவில்லை. அது திறக்கத் தேடுவது எஸ்டி என்ற டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் விண்டோவை. அதைத் தனியே போட வேண்டுமாம். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தி வேறு கன்சோலுக்குப் போய், அதை நிறுவிவிட்டுத் திரும்பி வந்து அழுத்தினேன். திரை முழுக்க டெர்மினல் வந்து நின்றது.