தாபரிப்பு நிலுவை: கடன் அல்லாத கடன்

திருகோணமலையில் வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர் காணி உறுதி, சம்பளச் சிட்டை, பிணையாளிகளின் அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு போவார். சம்பளச் சிட்டையின் கழிவுப் பகுதியில் 'நீதிமன்றக் கட்டளை' என்று ஒரு வரி இருந்தால், உத்தியோகத்தரின் பேனை அந்த வரியில் நின்றுவிடும். அது பிரிந்து வாழும் துணையிடம் வளரும் பிள்ளைக்காகப் பிடிக்கப்படும் பணம். நீதவான் நீதிமன்ற வாசலிலும் முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளைக் கேட்கும் மூதூர், கிண்ணியாப் பக்கத்துக் காதி நீதிமன்றங்களிலும் அதற்குத் தாபரிப்பு என்றே பெயர். கட்டாமல் சேர்ந்துபோனது தாபரிப்பு நிலுவை.

தாபரிப்பு என்பது தாபரித்தல் என்னும் வினையிலிருந்து வந்த பெயர். தாங்குதல், ஆதரித்தல், புகலிடம் கொடுத்தல் என்பன அதன் பொருள்கள். இதன் அடியான தாபரம், நிற்பது அல்லது அசையாதது என்று பொருள்படும் ஸ்தாவரம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவமாகும். சைவ நூல்களில் வரும் 'தாபர சங்கமம்' என்ற தொடரில் கோயிலில் நிலைபெற்ற இலிங்கம் தாபரம், நடமாடும் அடியார் சங்கமம். இடம்விட்டு நகராத மரஞ்செடிகளைத் தாவரம் என்பதும் இதே சொல்லின் மறு வடிவம்தான். சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லும் கூட்டுத்தாபனம் என்ற சொல்லின் பிற்பகுதியும், ஸ்தாபனம் வழியாக, நிற்றல் என்னும் அதே வேரைத் தொடுகிறது. வங்கி ஈடாகக் கேட்கும் அசையாச் சொத்துக்குப் பழைய உறுதிகள் ஸ்தாவர சொத்து என்று எழுதியதை நினைத்தால், பிள்ளையைத் தாங்கும் பணத்துக்கும் ஈடு வைக்கும் வீட்டுக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்திருப்பது தெரியும். நிலுவையோ நில் என்ற நம் சொந்த அடியிலிருந்து வருவது: போய்ச் சேராமல் நின்றுவிட்ட பணம்.

நேர்த் தமிழில் சொல்லவேண்டுமானால் பேணற்பணம் எனலாம். தமிழ்நாட்டார் கையாளும் ஜீவனாம்சம், பிழைப்புக்கான பங்கு என்று பொருள் தருவதால் மனைவிக்குப் பொருந்துகிற அளவு பிள்ளைக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை வளர்ப்புக்கென்றே பழந்தமிழில் உள்ள சொல் புறந்தருதல். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்னும் புறநானூற்று அடியில் (பாடல் 312) கடன் என்பது கடமையைக் குறிக்கிறது. திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம் என்ற பொருள் மட்டும் இன்றைய காதில் மிஞ்சியிருக்கிறது. அங்கே தாய் தன் கடன் என்று சொன்னதை, இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், வசதியிருந்தும் பிள்ளையைப் பேணத் தவறும் எந்தப் பெற்றோர் மீதும் சுமத்துகிறது. 18 முதல் 25 வயது வரையுள்ள பிள்ளையும், தன்னைத் தானே பேண முடியாத நிலையில் இருந்தால், கேட்கலாம். கட்டளையை மீறினால் நிலுவையைத் தண்டப்பணம்போல் அறவிடலாம். கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

'எனக்குக் கடன் ஒன்றும் இல்லை, கிறிப் சுத்தம்' என்று விண்ணப்பதாரர் சொல்வது பொய்யாக இராது. கிறிப் (CRIB) என்று நாம் சுருக்கிச் சொல்லும், 1990இல் சட்டத்தால் நிறுவப்பட்ட கொடுகடன் தகவல் பணியகம் திரட்டுவது கடன் கொடுக்கும் நிறுவனங்களின் கணக்குகளை. தாபரிப்பு யாரும் கொடுத்த கடன் அல்லவே. ஆனால் வங்கி பார்ப்பது திருப்பிச் செலுத்தும் ஆற்றலையும்தான். கைக்கு 120,000 ரூபா வரும் ஒருவருக்கு, எல்லாத் தவணைகளும் சேர்ந்து 40 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வங்கி கணக்கிடுவதாக வைத்துக்கொண்டால், 48,000 வரை இடமுண்டு. தாபரிப்பு 25,000 என்றால் வீட்டுக்கு மிஞ்சுவது 23,000. எட்டு மாதம் கட்டாமல் விட்டிருந்தால் 200,000 ரூபா நிலுவையோடு பிடியாணைப் பயமும் சேரும். மறியலுக்குப் போகக்கூடியவரின் சம்பளத்தை நம்பி இருபது வருடத் தவணை எழுத எந்த வங்கியும் தயங்கும்.

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினரின் நிலை இன்னும் இறுக்கமானது. அங்கே நிலுவையைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு மாநிலங்களுக்குக் கட்டாயம். நிலுவை வைத்தவரின் காணி வீட்டின் மீது சட்டப்படி பற்றுரிமையும், அதாவது நிலுவைக்காக அந்தச் சொத்தைப் பிடித்துவைக்கும் உரிமையும், விழும். உறுதி தேடும்போது அது வெளிப்பட்டால், தீர்க்காமல் ஈட்டுக்கடன் நகராது. நிலுவையே இல்லாதவருக்கும், தாபரிப்பு இன்னும் பத்து மாதத்துக்கு மேல் கட்டவேண்டியிருந்தால், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி அதை மாதாந்தக் கடனாகவே சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

நிலுவை அடிப்பது கட்டாதவரை மட்டும் அல்ல. அன்புவழிபுரத்தில் பிள்ளையோடு வாழும் தாய் ஒருவர் ஓட்டுக் கூரையை மாற்றச் சிறு வீட்டுக் கடன் கேட்கிறார் என்று வையுங்கள். அவரது வங்கிப் புத்தகத்தில் தைமாதம் ஒரு வரவு, சித்திரையில் ஒன்று, பிறகு ஆவணியில்தான் அடுத்தது. கட்டளையில் எழுதிய தொகை எவ்வளவாயினும், இப்படி விட்டுவிட்டு வரும் பணத்தை நிலையான வருமானமாக எழுதிக்கொள்ள உத்தியோகத்தருக்குக் கை வராது. தாபரிப்பு தாபரமாக வராதபோது, பிணையாளிக்காக அவர் அண்ணன் வீட்டுப் படியேற வேண்டியிருக்கும்.

விண்ணப்பப் படிவத்தில் 'ஏனைய மாதாந்தக் கடப்பாடுகள்' என்று ஒரு கட்டம் இருக்கும். கடன் என்று கேட்காததால் பலர் அதை வெறுமையாக விடுகிறார்கள். தாபரிப்புத் தொகையையும் நிலுவை இருந்தால் அதையும், கட்டளையின் வழக்கு இலக்கத்தோடு, எழுதவேண்டிய இடம் அதுதான்.