எல்லோருக்கும் தெரிந்த ரிஃப், பாதிப் பேர் தப்பாக வாசிப்பது

கிடார் கற்க வருபவரிடம் ‘ஏற்கெனவே என்ன வாசிப்பீர்கள்?’ என்று கேட்டால், ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் ரிஃப்தான் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு) பெரும்பாலும் வரும். இந்த வாரமும் வந்தது. தடித்த ஆறாவது கம்பி ஒன்றிலேயே 0-3-5. (எண்கள் கிடார் கழுத்தில் விரல் வைக்கும் ஃப்ரெட்டுகள், அதாவது கட்டங்கள். 0 என்றால் விரல் வைக்காத கம்பி.) அது அப்படி இல்லை என்றேன். “நெட்ல இப்படித்தான் இருக்கு சார், அஞ்சு ஸ்டார் வேற!”

அந்த ஸ்டாரைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். நெட்டில் டேப் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்ற எண் குறிப்பு) எழுதியவரும் நம்மைப் போல் பாட்டைக் கேட்டு எழுதியவர்தான். வாசித்துப் பார்த்தவர்கள் ‘அட, அந்தப் பாட்டு!’ என்று ஸ்டார் போடுகிறார்கள். வாயால் முணுமுணுத்தாலும்கூட இந்த ரிஃப் எதுவென்று தெரிந்துவிடும். பாட்டு அடையாளம் தெரிவது வேறு, சரியாக வாசிப்பது வேறு. ஆயிரம் பேர் ஸ்டார் போட்டாலும் அவர்கள் மூலப் பதிவோடு ஒப்பிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

இந்தப் பாட்டு இருக்கும், 1972இல் வந்த டீப் பர்ப்பிள் இசைக்குழுவின் ஆல்பத்தில் கிடாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் வாசிப்பது டி, ஜி என்ற இரண்டு கம்பிகளைச் சேர்த்து: 0-3-5, 0-3-6-5, 0-3-5, 3-0. இரண்டிலும் ஒரே ஃப்ரெட். அடுத்த நிலை மாணவர்கள் இதைப் பவர் கார்டாக (அடி ஸ்வரமும் அதற்கு மேலுள்ள ஐந்தாம் ஸ்வரமும் சேர்ந்தது) வாசிக்கிறார்கள். முதல் அடியை எடுத்துக்கொண்டால், அதில் ஜி ஸ்வரம் கீழே, டி ஸ்வரம் மேலே. பிளாக்மோரிடம் டி கீழே, ஜி மேலே. அதே இரண்டு ஸ்வரம், தலைகீழ் அடுக்கு. பவர் கார்டு கனமாக இருக்கும், கேட்க நன்றாகவும் இருக்கும், ஆனால் அது இந்த ரிஃப் இல்லை.

அப்புறம் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு). இந்த ரிஃபுக்கு அவர் அதைத் தொடுவதே இல்லை, விரல்களால் இரண்டு கம்பியையும் ஒன்றாகப் பறிக்கிறார். பிக்கால் அடித்தால் ஒரு கம்பி முந்தும், இன்னொன்று பிந்தும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டால் மறைந்துவிடும் என்பார்கள். மறையாது.

தாளத்திலும் ஒரு பொறி உண்டு. முதல் மூன்றும் 1, 2, 3 எண்ணிக்கை மேலேயே விழும். அடுத்த துண்டு நான்கைத் தாண்டிய ‘அண்டு’வில் (இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில்) தொடங்குகிறது. அதன் 3, 6 ஃப்ரெட்டுகள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் பிறகான ‘அண்டு’களில், கடைசி 5 மட்டும் மூன்றின் மேல். எல்லாவற்றையும் எண்ணிக்கை மேலேயே போட்டு நடைபோட வைத்துவிடாதீர்கள்.

எந்த ரிஃப் ஆனாலும் கிடார் தனியாக ஒலிக்கும் இடத்தைத் தேடுங்கள். இதில் அது தொடக்கத்திலேயே இருக்கிறது. பேஸ் கிடார் நுழைந்த பிறகு கீழ் ஸ்வரம் எது என்று காது குழம்பும். சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் செயலி இருந்தால் பாதி வேகத்தில் கேளுங்கள். மேடைக் காணொளி கிடைத்தால் முகத்தை விட்டுவிட்டு இடக்கையைப் பாருங்கள்.

ட்யூனிங்கைப் பார்க்காமல் ஃப்ரெட்டைத் தேட வேண்டாம், தயவுசெய்து. கன்ஸ் அன்ட் ரோஸஸ் குழுவின் ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ அரை ஸ்வரம் இறக்கி வாசித்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் பல பாட்டுகளை ஓபன் ஜி ட்யூனிங்கில் (விரல் வைக்காமலே ஜி கார்டு ஒலிக்கும்), ஐந்தே கம்பியில் வாசிப்பவர். சாதாரண ட்யூனிங்கில் உட்கார்ந்துகொண்டு ‘விரல் எட்டவில்லை’ என்று கையை நோகடித்துக்கொள்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கடைசியாக, வாசித்ததைப் போனில் பதிவுசெய்து, மூலப் பதிவை ஓட்டியவுடன் இதை ஓட்டுங்கள். எங்கே பிசகுகிறது என்று நான் சொல்லவே வேண்டியிருக்காது.