சாட்சி சொல்லியாச்சு, இனி ஊசி எதற்கு?

மறுபடியும் ஒரு பிள்ளை. டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவள். சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த அன்றோடு ஊசியை நிறுத்திவிட்டார்கள். வாந்தி வந்ததும் வாயுக்கோளாறு என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டைக்குத் தூக்கி வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, வாயில் பழ வாடை. சர்க்கரை பார்க்கும் மீட்டரில் எண்ணே வரவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. வயிறெல்லாம் ஜெப எண்ணெய்ப் பிசுக்கு.

பிழைத்துக்கொண்டாள். சுகமாகிவிட்டாள் என்று கூட்டத்துக்கு அப்புறம் சபை முன்னால் சொல்லியும் விட்டார்கள்; அதைத்தான் சாட்சி என்பது. வார்டில் அவள் அம்மா கேட்டார்: “சபையில சாட்சி சொல்லியாச்சு டாக்டரய்யா. இனி ஊசி போட்டா ஆண்டவரப் பொய்யராக்குன மாதிரி ஆயிராதா?”

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் மருந்து சாப்பிட்டால் விசுவாசக் குறைச்சல் என்று எந்த வேதத்தில் இருக்கிறது? பழைய ஏற்பாட்டில் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது அழுது ஜெபித்தார். 15 வருஷம் கூட்டித் தருவதாக வாக்கும் வந்துவிட்டது. அதற்கப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார். ராஜா மறுக்கவில்லை. ‘எனக்குத்தான் வாக்கு கிடைத்துவிட்டதே’ என்று அடம்பிடிக்கவும் இல்லை.

அதே எசேக்கியாதான் வெண்கலச் சர்ப்பத்தை உடைத்துப் போட்டவர். தேவன் சொல்லி மோசே செய்தது அது; ஒரு காலத்தில் பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். ஜனங்கள் அதற்கே தூபம் காட்ட ஆரம்பித்ததும் அது வேண்டாம் என்று தீர்த்துவிட்டார். நம் வீட்டு எண்ணெய்க் குப்பியையும் வருஷப் பிறப்பில் எடுத்த, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் பூசி ஜெபிக்கப் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தன் நிருபத்தில் சொன்னார், சரி. குப்பியைத் தலையணைக்கடியில் தாயத்தாக வைத்துக்கொண்டு, ‘இது இருக்க எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பது என்ன பக்தி? கையில் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பிடியை விட்டுவிட்டு ‘உம்முடைய சித்தம் ஆகட்டும்’ என்று சொல்லத்தான் எல்லோருக்கும் பயம். பெரிய டாக்டர் பார்த்தால் பிழைத்துவிடலாம் என்று எங்களைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கும் இதே வியாதிதான்.

விசுவாசம் இருந்தால் சுகம் வந்தே தீரும் என்கிறவர்கள் ஒரு நடை டோனாவூர் போய் வரட்டும். அங்கே பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்டவர். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? அங்கே அவர்கள் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்சுலினை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளை சாப்பிடவில்லை என்றாலும் நிறுத்தக் கூடாது. அளவை டாக்டரிடம் கேளுங்கள். வலிப்பு மாத்திரைக்கும் அப்படித்தான், திடீரென்று விட்டால் வலிப்பு விடாமல் வரலாம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் உபவாசம் இருக்கப் போகிற சர்க்கரைக்காரர்கள் முன்கூட்டியே வந்து பாருங்கள், மாத்திரையை மாற்றித் தருகிறோம். கால் புண்ணில் எண்ணெய் ஊற்றிக் கட்டிக்கொண்டு வராதீர்கள், தயவுசெய்து.

சபை நடத்தும் ஐயர்மாருக்கும் ஊழியக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். சுகமானேன் என்று ஒருவர் மைக்கைப் பிடிப்பதற்கு முன், மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று தனியாகக் கேளுங்கள். நிறுத்தியிருந்தால் அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். சாட்சி அடுத்த மாதம் சொல்லிக்கொள்ளலாம். ஊசி போடுகிற பிள்ளை வாந்தி எடுத்து மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிட்டு ஏற்றிவிடுங்கள். ஜெபத்தை வண்டியிலேயே பண்ணலாம்.