ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது: மலைச்சரிவில் கோல்ஃப் ஆடுவோர் கவனத்துக்கு

மலைச்சரிவில் அமைந்த கோல்ஃப் மைதானத்துக்கு முதல்முறை போகிறவர்கள் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுவார்கள். மூச்சு வாங்குமே, பந்து மேலே போய்ச் சேருமா என்பதே பேச்சாக இருக்கும். ஆனால் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நாங்கள் பார்ப்பது வேறு. ஸ்கோர் கெடுவதும் முட்டி பிடித்துக்கொள்வதும் வண்டி சறுக்குவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

தூரக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். குழி இருக்கும் புல்தரையான கிரீன் 160 யார்டு தள்ளி, முதல் அடி அடிக்கும் இடமான டீயைவிட 45 அடி கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 45 அடி என்பது 15 யார்டு. நடுத்தூரத்துக்கான அயர்னில் அடித்த பந்து ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் இறங்குவதால், அந்த 15 யார்டு பள்ளத்தில் இறங்கி முடிப்பதற்குள் இன்னும் 15 யார்டு முன்னே போய்விடும். ஆகவே 145 யார்டுக்கான கிளப் (பந்தடிக்கும் கோல்) போதும். இதே கணக்கை எல்லாக் கிளப்புக்கும் போட்டால் தப்பாகிவிடும். நெடுந்தூரத்துக்கான டிரைவரில் அடித்த பந்து படுக்கையாக இறங்கும், அதற்கு இன்னும் கூடுதலாகக் கழிக்க வேண்டும். குறுந்தூரத்துக்கான வெட்ஜில் அடித்த பந்து செங்குத்தாக விழும், அதற்குப் பள்ளத்தின் அளவில் முக்கால் பங்கு கழித்தாலே போதும். இறக்கத்தில் பந்து அதிக நேரம் காற்றில் இருப்பதையும் மறக்கக் கூடாது. சமதரையில் லேசாக வலப்பக்கம் வளையும் பந்து, இங்கே மரத்துக்குள் போய்விடும். ஹவாயின் கபாலுவா மைதானத்தில் 2018-இல் அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் 12-ஆவது ஹோலில் (டீயிலிருந்து குழிவரை உள்ள ஒரு களம்) 430 யார்டுக்கு மேல் அடித்துக் குழியோரம் நிறுத்தியதைப் பார்த்து மலைக்கிறோம். அந்த ஹோல் நல்ல இறக்கம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேட்டுக் கிரீனுக்குக் கணக்கு தலைகீழ். பந்து முன்னதாகவே தரையைத் தொடும், படுக்கையாக வந்து விழும், கூடுதலாக ஓடும். இருந்தும் பலர் குறைவாகத்தான் அடிக்கிறார்கள். குழியில் நட்ட கொடியின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாததால் கிரீன் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. மைதானமே கடல்மட்டத்திலிருந்து 5,000 அடி உயரத்தில் இருந்தால், காற்றின் அடர்த்தி குறைவால் 150 யார்டு அடி சுமார் 8 யார்டு கூடுதலாகப் போகும். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் காட்டும் கருவியில் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதி இருந்தால் பயிற்சியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். போட்டியில் அதை அணைத்து வைக்க வேண்டும். கோல்ஃப் விதி 4.3 தூரம் அளக்க அனுமதிக்கிறது, உயர வேறுபாட்டை அளக்க அனுமதிப்பதில்லை.

இனி, பந்து இறங்குசரிவில் கிடக்கும்போது அடிப்பது. வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கால் பள்ளத்தில் நிற்கும். இயல்பாகவே உடம்பு மேட்டுப் பக்கம் சாயும், பந்தைத் தூக்கிவிடக் கை துடிக்கும். இரண்டும் சேர்ந்தால் கிளப் பந்துக்குப் பின்னால் மண்ணில் குத்தும், இல்லையென்றால் பந்தின் தலையில் உரசும். தோள்கள் இரண்டையும் சரிவோடு சேர்த்துச் சாய்த்துக்கொள்ளுங்கள். எடை இடக்காலில் இருக்கட்டும். பந்து வழக்கத்தைவிட ஒரு பந்தளவு வலக்கால் பக்கம் இருக்கட்டும். பக்கத்திலேயே இரண்டு முறை வெறும் வீச்சு வீசிப் பாருங்கள். கிளப் புல்லை உரசும் இடம்தான் பந்து இருக்க வேண்டிய இடம். முக்கால் வீச்சு போதும். அடித்த பிறகும் கிளப் தலை சரிவை ஒட்டியே கீழே ஓட வேண்டும். பந்து தாழ்வாக, சற்றே வலப்பக்கமாகப் போய் நிறைய உருளும். 7-ஆம் எண் அயர்ன் 6-ஆம் எண்போல வேலை செய்யும் (எண் குறையக் குறைய பந்து தூரம் போகும்) என்பதால், 8-ஐ எடுத்தால் கணக்கு சரியாக இருக்கும்.

பக்கச் சரிவுக்கு இவ்வளவு வேண்டாம். பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் கிளப்பை ஓர் அங்குலம் கீழே பிடித்து வலப்பக்கம் குறிவையுங்கள். கீழே இருந்தால் முட்டியை நன்றாக மடக்கி இடப்பக்கம் குறிவைத்து, அடித்து முடிக்கும்வரை நிமிராமல் இருங்கள்.

கிரீனில் கண் நம்பகமான சாட்சி அல்ல. சுற்றிலும் மலை சரிந்திருக்கும்போது, கொஞ்சம் சரிந்த கிரீன் சமதரைபோலத் தெரியும், ஏறுவதுபோலக்கூடத் தெரியும். பந்துக்குப் பின்னால் மட்டும் குந்திப் பார்க்காமல், தாழ்ந்த பக்கத்தில் போய் நின்று பாருங்கள். பாதத்துக்குத் தெரியும் சாய்வு பல நேரம் கண்ணுக்குத் தெரிவதைவிடச் சரியாக இருக்கும். கிரீனுக்கு அடிக்கும்போதே குழிக்குக் கீழே பந்தை நிறுத்தப் பாருங்கள். மேலிருந்து ஐந்தடி தூரம் உருட்டித் தட்டுவதைவிடக் கீழிருந்து பத்தடி தூரம் உருட்டித் தட்டுவது மேல்.

சரிவில் பந்தை டிராப் செய்தால் (விதிப்படி கையிலிருந்து கீழே விட்டால்) உருண்டு ஓடும். முட்டி உயரத்திலிருந்து இரண்டு முறை சரியாக விட்டும் அது குறித்த பகுதியைத் தாண்டி ஓடினால், இரண்டாவது முறை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வைக்கலாம். இது தெரியாமல் ஐந்தாறு முறை விட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வண்டி விஷயத்தில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்ந்து, பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. அந்த நேரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பகுதி சுழன்றுவிடும். ஈரப்புல்லில் இன்னும் மோசம். இறங்கத் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேர்க்கோட்டில் இறங்குங்கள். சரிவுக்குக் குறுக்கே ஓட்டாதீர்கள், இறக்கத்தின் நடுவில் திருப்பாதீர்கள். வண்டி சட்டென்று ஒரு பக்கம் திரும்பினால் எதிர்ப்பக்கம் இருப்பவர் வெளியே தூக்கி எறியப்படுவார். இருக்கையோரக் கைப்பிடி அதற்காகத்தான் இருக்கிறது. நிறுத்தும்போது பார்க்கிங் பிரேக் பூட்டிய சத்தம் கேட்டபிறகே காலை எடுங்கள்.

நடந்தே ஆடுகிறவர்களுக்கு முட்டிதான் கவலை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மறுநாள் தொடை கடுப்பதற்கு இதுவே காரணம். காலடியைச் சிறிதாக்கி, முட்டியை லேசாக மடக்கி, செங்குத்தான இடத்தில் வளைந்து வளைந்து இறங்குங்கள். பையை இரண்டு தோளிலும் மாட்டுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் ஹோலை முடிக்க நினைக்காமல் அங்கேயே உட்கார்ந்து உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேட்டை விட்டும் தனிமரத்தை விட்டும் விலகிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். பக்கம் திறந்த வண்டி மின்னலிலிருந்து காப்பாற்றாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம்.