வெயிலில் வெந்தவருக்கா குறைபாடு?

பாம்பன் பக்கத்துக்காரர். வயது 74. ஐம்பது ஆண்டுகள் கடலில் கிடந்தவர், நிமோனியாவுடன் எங்கள் வார்டுக்கு வந்தார். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இயன்முறை மருத்துவரான நான் போய், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னேன். இடுப்பு ஒரு சாண்கூட மேலே வரவில்லை. தொடையில் கையை ஊன்றினார். "வேண்டாம் மாமா, விழுந்துவிடுவீர்கள்" என்று மருமகள் ஓடிவந்து பிடித்தார்.

இரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம். 20க்குக் கீழே போனாலே குறைபாடுதான். "வெயிலிலேயே வெந்தவருக்கா?" என்றார் மருமகள். படகை மகனிடம் கொடுத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் கட்டில், டிவி, கொட்டகைக்குள் கிழிந்த வலையைப் பொத்துவது, அவ்வளவுதான். அன்றைய வெயில் இன்றைக்கு உதவாது. வயதான தோல் இளமையில்போல இந்த வைட்டமினைத் தயாரிப்பதும் இல்லை. மிகவும் குறைந்தால் இடுப்பும் தொடையும்தான் முதலில் தளரும். தரையில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் சுவரைத் தேடுவார். நாமோ வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம்.

அதன்மேல் மருத்துவமனைப் படுக்கை வேறு. நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்த ஓர் ஆய்வில் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்தது. நம் வீட்டார் கஞ்சியையும் ஊட்டிவிடுகிறார்கள், கழிப்பறைக்கும் எழ விடுவதில்லை. பாசம்தான், ஆனால் கால்களுக்கு அது கேடு. மருத்துவர் தடுக்காதவரை மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும், கழிப்பறைக்குத் துணையோடு நடக்கட்டும்.

60,000 யூனிட் வைட்டமின் டி பொடி வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. மருத்துவர் சொன்ன வாரங்களைத் தாண்டி நீங்களாகத் தொடராதீர்கள். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் எல்லாம் வரும். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில், முதிய பெண்கள் கீழே விழுவது கூடியதே தவிரக் குறையவில்லை.

வெயில் வேண்டும்தான். ஆனால் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். விடிகாலை வெயிலும் போதாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகும் நேரத்தில் கை கால்களில் சிறிது நேரம் பட்டால் போதும். இந்த ஊர் வெயிலில் அதற்குமேல் உட்கார வைத்தால் மயங்கிவிடுவார்கள்.

வீட்டுக்குப் போகும்போது அவரிடம், வலை பொத்துவதைப் பத்து மணி வாக்கில் கொட்டகைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். நாற்காலிப் பயிற்சியும் தினமும் உண்டு. ஒரு மாதம் கழித்து வந்தபோது கையை ஊன்றாமல் நான்கு முறை எழுந்தார். ஐந்தாவதற்கு, "நாளைக்குப் பார்ப்போம் தாயி" என்று உட்கார்ந்துகொண்டார்.