நோய்க்குப் பெயர் தெரியும்வரை: லூப்பஸ் சந்தேகம் உள்ளவர்களுக்கு

கோலாலம்பூரில் நோய் இன்னதென்று தெரியாமல் அலைபவர்கள் ஒரே கிளினிக்கில் நிற்பது குறைவு. காய்ச்சலுக்கு வீட்டருகே ஒரு கிளினிக், மூட்டுவலிக்குக் கம்பெனியின் பேனல் கிளினிக், முடி உதிர்வுக்கு மருந்துக்கடை. மூன்று இடத்திலும் மூன்று சின்னத் தொல்லைகளாகவே பதிவாகும். மூன்றும் சேர்ந்தால்தான், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோயான லூப்பஸ் பற்றிய சந்தேகமே எழும். தனியார் கிளினிக்கின் குறிப்பு அரசாங்க கிளினிக்குக்குத் தானாகப் போய்ச் சேராது. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் நகல் கேட்டு வாங்கி, ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வையுங்கள்.

அதன் மேல் ஒரு தாள், ஒரு பக்கம் போதும்: எது, எந்த மாதம் தொடங்கியது, என்ன மருந்து சாப்பிட்டீர்கள். "உடம்பெல்லாம் வலி" என்பதை வைத்து டாக்டர் எங்கும் போக முடியாது. "காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரம் ஆகிறது" என்று சொல்லுங்கள். அரை மணிக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, தேய்மானத்தைவிட அழற்சியையே சுட்டும். தோல் தடிப்பு அப்பாயின்மெண்ட் நாளில் மறைந்திருக்கும், அதனால் வந்த அன்றே நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். நம் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ கருமையாகவோ தெரியலாம். படம் இல்லாததால் தவறிப்போகும் தடிப்புகள் ஏராளம். வாய்ப்புண் வலிக்காமலும் வரும். மேலண்ணத்தைக் கண்ணாடியில் பாருங்கள்.

முதல் சோதனைகள் எளியவை: முழு இரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம். சிறுநீர்ச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். லூப்பஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது தொடக்கத்தில் வலி இருக்காது.

பிறகுதான் ஏ.என்.ஏ., அதாவது சொந்த செல்களின் கருவையே எதிர்க்கும் ஆன்டிபாடி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இங்கேதான் குழப்பம் அதிகம். நோயே இல்லாதவர்களிலும் ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு 1:160 அளவில் (இரத்தச் சீரத்தை 160 மடங்கு நீர்க்கச் செய்த பின்னும்) பாசிட்டிவ் வரும். அதை மட்டும் பார்த்து லூப்பஸ் என்று முடிவு கட்ட முடியாது. நெகட்டிவ் என்றால் லூப்பஸ் வாய்ப்பு மிகக் குறைவு; ஆனால் உங்கள் வலி பொய்யாகிவிடாது, வேறு காரணம் தேட வேண்டும். "மன அழுத்தம்தான்" என்று அனுப்பினால், "எந்த அறிகுறி வந்தால் மறுபடி பார்ப்பீர்கள், எத்தனை வாரத்தில் வரட்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்கள், வேறு காரணம் தேடும்போது எடுக்கும் தைராய்டு சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல் ரிசல்ட் பொய் காட்டலாம்.

இன்னும் மோசமானது, மூட்டுவலிக்கென்று விற்கும் ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்து. சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி இரண்டே நாளில் பறந்துபோகும், அறிகுறிகளும் மறைந்து டாக்டரின் கண்ணுக்கு எட்டாமல் போகும். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். இரத்த அழுத்தம் விழுந்து மயங்கலாம். பாக்கெட்டையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. முடிந்தவரை ஒரே டாக்டரைப் பார்த்து, ருமட்டாலஜி (மூட்டு, லூப்பஸ் போன்ற நோய்களைப் பார்க்கும்) பிரிவுக்கு ரெஃபரல் கடிதம் கேளுங்கள். கடிதத்தில் காய்ச்சல், தடிப்பு, சிறுநீர் ரிசல்ட் எல்லாம் இருக்கட்டும். "மூட்டுவலி" என்ற ஒரே சொல்லோடு போகும் கடிதம் அவசரமாகத் தெரியாது.

எம்.சி. (மருத்துவ விடுப்பு) நாள்களையும் கணக்குப் பார்த்துச் செலவிடுங்கள். சட்டப்படி சம்பளத்தோடு வருடத்துக்கு 14 நாள், 2 வருட சேவைக்குப் பின் 18, 5 வருடத்துக்குப் பின் 22. வார்டில் சேர்ந்தால் 60 நாள் வரை தனி.

முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், மூச்சு விடும்போது நெஞ்சு வலித்தால், வலிப்பு வந்தால் அப்பாயின்மெண்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஃபைலோடு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.